சத்தியபாய் ஏமாந்த நாள்

குளத்தூர்ப் பக்கத்தில் சத்தியபாயின் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் கையெழுத்துத் தெரியாதவர்கள் இல்லை. ஊர் நூலகமான வாயனசாலையில் ஒரு அபிப்பிராய நோட்டு உண்டு. புத்தகத்தைப் படித்துத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் அதில் நாலு வரி எழுதிவிட்டுப் போகவேண்டும். எல்லாரும் “நல்ல கதை”, “கொள்ளாம்” என்று எழுதுவார்கள். சத்தியபாய் ஒரு நம்பர் மட்டும் எழுதுவாள்.

அவள் பளுகல் ஆனந்தபாய்க்கு மூன்றாவது பிள்ளை. ஆனந்தபாயின் ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில்தான் கொத்தனார் ரெத்தினதாஸின் சித்தியைக் கொடுத்திருந்தது. அந்த வழியாக வந்த சம்பந்தத்தில் ரெத்தினதாஸைக் கட்டி, எல்லை தாண்டி இந்தக் கேரளத்துப் பக்கம் வந்தாள். ஆனந்தபாய் வேதப்புத்தகத்தைத் தவிர வேறொன்றைக் கையால் தொட்டவளில்லை. மகள் தொட்டதெல்லாம் கொலைக்கதை.

அதற்கு வேலையும் தோதாக அமைந்தது. சத்தியபாய் ரப்பர் வெட்டுகிறவள்; மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே இறங்கி முந்நூறு மரம் வெட்டுவாள். பிறகு பால் சிரட்டையில் வடிந்து தீர இரண்டு மணி நேரம் ஆகும். மற்ற பெண்கள் அந்த நேரத்தில் ஊர்க்கதை பேசுவார்கள். இவள் மரத்தில் சாய்ந்து துப்பறியும் கதையைப் பிரிப்பாள். களியிக்காவிளை பஸ் ஸ்டாண்டில் வாங்கின தமிழ்ப் புத்தகம் ஒரு நாள், வாயனசாலை மலையாளப் புத்தகம் ஒரு நாள்.

நோட்டில் அவள் எழுதும் நம்பர், கொலைகாரன் யார் என்று அவளுக்குப் பிடிகிடைத்த பக்கம். டிவியில் பார்த்த சினிமாவானால் நிமிஷம். ஆளின் பெயரை இந்த முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லிவிட்டால் அடுத்தவன் எதற்குப் படிக்கவேண்டும் என்பாள். கடைசிவரை பிடிகிடைக்காத கதைக்கு மட்டும் “ஏமாந்தேன்” என்று ஒரே வார்த்தை எழுதுவாள். அப்படி எழுதியது மொத்தம் நாலு தடவை. அந்த நாலு புத்தகங்களும் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து கிடக்கின்றன.

பக்கத்து வீட்டு மோகனன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவருக்கும் கொலைக்கதைப் பைத்தியம் உண்டு. நோட்டில் சத்தியபாய் நாற்பது என்று எழுதினால், அதன் கீழே “எனக்கு முப்பத்தெட்டு” என்று எழுதிவைப்பார். பென்ஷன் ஆனதும் அவரே ஒரு கதை எழுதினார். கல்யாண வீடியோ எடுக்கும் ரதீஷைக் கூட்டிக்கொண்டு, முக்கால் மணி நேரப் படமாக எடுத்தும் முடித்தார். திருவனந்தபுரத்தில் ஏதோ போட்டி இருந்தது. அனுப்புமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயனசாலையில் போட்டுக்காட்ட ஏற்பாடானது.

“சத்தியபாயே, நீ நோட்டில ‘ஏமாந்தேன்’னு எழுதினா நான் அனுப்புவேன். இல்லேன்னா பெட்டியில வச்சிப் பூட்டுவேன்” என்றார் மோகனன், நாலுபேர் கேட்க.

“பெட்டியும் பூட்டும் உண்டுல்லியா அண்ணே?” என்றாள் சத்தியபாய். எல்லாரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மோகனனின் மனைவி விலாசினி வேலியோரம் வந்து நின்றாள். சத்தியபாய்க்கு ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது ஒரு மாசம் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தவள் அவள்.

“அக்கா, ஒரு வார்த்த எழுதினா ஒனக்க கை தேஞ்சா போவும்? அந்த மனுஷன் இப்பம் சோறு கேக்கியதுக்கும் ‘ஆக்ஷன்’னாக்கும் சொல்லுது.”

“படம் ஏமாத்தினா எழுதுவேன் விலாசினி.”

“ஏமாத்தல்லேன்னா?”

சத்தியபாய் வேலியை விட்டு நகர்ந்தாள். வீட்டுக்குள் வந்ததும் ரெத்தினதாஸ் கேட்டான்: “எழுதிக் குடுத்திருவியா?”

“எனக்க கையி எழுதாது. நாளைக்கி பொய்யி எழுதினா, மத்த நாலும் பொய்யின்னு ஆவும்.”

வாயனசாலைக் கூடம் சின்னது. அதனால் இரண்டு மணிக்கு ஒரு ஆட்டம், நாலு மணிக்கு ஒரு ஆட்டம். படத்தில் ரப்பர்த் தோட்டத்து முதலாளி விடியற்காலையில் கொலையாகிக் கிடக்கிறார். ரதீஷ் நிஜ மழையிலேயே குடைபிடித்து அதை எடுத்திருந்தான். பார்க்க அவ்வளவு பயமாக இருந்தது. பிறகு போலீஸ் வருகிறது. முதலாளியின் தம்பி, “நான் விடிஞ்சதிலிருந்து ஒம்பது மணி வரெ பால் வெட்டிக்கிட்டு நின்னேன் சாறே” என்கிறான். போலீஸ் நம்பிவிடுகிறது. கடைசியில் கொலைகாரன் அந்தத் தம்பிதான் என்று முடிகிறது.

கூடத்தில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மோகனன் நோட்டைக் கொண்டுவந்து சத்தியபாயின் மடியில் வைத்தார். விலாசினி வாசல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியபாய் பேனாவை எடுத்து “12” என்று எழுதினாள்.

பன்னிரண்டாவது நிமிஷம்.

“எப்படி?” என்றார் மோகனன்.

“இஞ்ச சொல்லப்பிடாது அண்ணே. நாலு மணி ஆளுவ வெளிய நிக்கினும். நாளைக்கிக் காலத்த தோட்டத்துக்கு வாரும்.”

விலாசினி முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மோகனன் வந்தார். தூங்காத கண். சத்தியபாய் அவருக்கென்று ஒரு மரத்தை வெட்டாமல் விட்டிருந்தாள். பாட்டில் தண்ணீரை மரத்தின் பட்டையில் நன்றாக ஊற்றிவிட்டுக் கத்தியை ஓட்டினாள். பால் வெட்டுச் சாலில் நிற்கவில்லை. ஈரப் பட்டையில் பரவி, தாறுமாறாக வழிந்து, வேர்மூட்டில் போய்ச் சேர்ந்தது. சிரட்டையில் நாலு சொட்டுகூட விழவில்லை.

“மரத்துக்குப் பிளாஸ்டிக் கெட்டியிருந்தா மழையிலயும் வெட்டலாம். ஒம்ம படத்தில ஒரு மரத்துக்கும் பிளாஸ்டிக் இல்ல. விடியிய வரெ மழ. பின்ன அந்தத் தம்பிக்காரன் எந்த மரத்த வெட்டினான்?”

மோகனன் வேர்மூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாக விடியுமுன் முதல் பஸ்ஸுக்கு இறங்கிப்போன மனுஷன். சொந்தத் தோட்டம் இருந்தும் கத்தி பிடித்ததில்லை.

“கூடத்தில பாதிப்பேரு வெட்டுகாரங்க. ஒருத்தனும் சொல்லல்லியே?”

“அவியளுக்கு ஒம்ம மேல பிரியம். தட்டுகெட்ட படம் எடுத்தாலும் கையத் தட்டுவினும்.”

“ஒனக்குப் பிரியம் இல்லியாக்கும்.”

“பிரியம் இல்லாமயா ஒரு மரத்துப் பால நெலத்தில விட்டேன்?”

அவர் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு மூன்று மாசம் அந்த வீட்டிலிருந்து பேச்சு இல்லை. விலாசினி வேலிப்பக்கம் வருவதில்லை. நோட்டில் நம்பருக்குக் கீழே நம்பர் இல்லை. சத்தியபாய் தன் பக்கங்களைத் தனியாக எழுதிக்கொண்டு வந்தாள். சர்ச்சில் ஒருத்தி, “ஒரு வார்த்தயில அயல்வாசிய பிணக்கிட்டியே” என்றபோது, “ஒரு வார்த்தயும் எழுதல்ல, நம்பராக்கும் எழுதினேன்” என்று சொன்னாள். ஆனாலும் அன்று புத்தகம் பிரிக்கவில்லை என்று ரெத்தினதாஸ் பிறகு சொன்னான்.

ஓணம் கழிந்து ஒரு நாள் வாயனசாலைப் பலகையில் மறுபடி அறிவிப்பு எழுதியிருந்தது. மோகனன் படத்தைத் திருத்தி எடுத்திருக்கிறாராம். சத்தியபாயைக் கூப்பிட ஆள் வரவில்லை. அவளாகவே போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

மழை அப்படியே இருந்தது. தம்பி அதே பொய்யைச் சொன்னான். கூடத்திலிருந்த வெட்டுகாரர்கள் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்தார்கள். சத்தியபாய்க்குப் பாவமாக வந்தது. இவ்வளவு காட்டியும் மனுஷனுக்கு ஏறவில்லையே என்று நோட்டை இழுத்து “12” என்று எழுதி மூடினாள்.

நாற்பதாவது நிமிஷத்தில், மழை பெய்த காலையில் எப்படிப் பால் வெட்டினாய் என்று படத்திலேயே ஒரு வெட்டுகாரி கேட்டாள். தம்பி உடைந்துபோனான். அவன் அன்று தோட்டத்திலேயே இல்லை. வீட்டுக்குத் தெரியாமல், பிணங்கிப்போன மகளைப் பார்க்க நாகர்கோவிலுக்குப் போயிருந்தான். அப்படியானால் கொலை செய்தது யார்? திரையில் ஆள் திரும்பி முகம் காட்டியபோது சத்தியபாய், “எக்க கர்த்தாவே” என்று எழுந்தே நின்றுவிட்டாள். அது யார் என்று இங்கே எழுதுவதற்கில்லை. அவள் அறிந்தால் பொறுக்கமாட்டாள்.

மழையை வைத்துத் தம்பியைப் பிடித்தவர்கள் அத்தனை பேரும் விழுந்தார்கள். ரப்பரே அறியாதவன்கூட இவ்வளவு ஏமாந்திருக்கமாட்டான்.

அவள் நோட்டைத் திறந்து, எழுதின பன்னிரண்டை நாலு கோடு போட்டு அடித்தாள். பக்கத்தில் பெரிய எழுத்தில் “ஏமாந்தேன்” என்று எழுதினாள். மோகனன் அதைக் கையில் வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“எனக்க நம்பர வச்சே என்னெ வீழ்த்திட்டீரே!”

“நீ பன்னெண்டு போடல்லேன்னா எனக்கு இது தோணியிருக்காது” என்றார் மோகனன்.

விலாசினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சத்தியபாயின் கையைப் பிடித்தாள். “அக்கா, கஞ்சி குடிச்சியா?” என்று கேட்டாள்.

படம் திருவனந்தபுரத்துக்குப் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. நோட்டின் அந்தப் பக்கத்தை, அடித்த பன்னிரண்டும் தெரியும்படி, ரதீஷ் போட்டோ எடுத்துக் கொடுத்தான். மோகனன் அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டின் முன்முறியில் மாட்டியிருக்கிறார். சத்தியபாயோ தோட்டத்தில் பால் வடியக் காத்திருக்கும் பெண்களிடம், முன்பு கண்டுபிடித்த கதைகளை விட்டுவிட்டு, இப்போது இதைத்தான் சொல்கிறாள்: “சொந்தக் கண்ணால மழயப் பாத்திட்டு ஏமாந்தவளாக்கும் நான். நம்ம ஊருக்காரன் எடுத்த படம்!”