சம்பந்தியை விடாத முதிரைக் கதிரை

கடைக்காரன் காட்டிய வேம்பையும் பலாவையும் தட்டிப் பார்த்தே தள்ளிவிட்டு நான் தேர்ந்தெடுத்த முதிரைக் கதிரை, இரண்டு யானை ஏறினாலும் முனகாது. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நேற்று அதற்கு ஐந்து பூச்சு வார்னிஷ் அடித்தேன். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

இன்று காலை மாப்பிள்ளையின் தகப்பன் அதில்தான் அமர்ந்தார். தேத்தண்ணி குடித்ததும், "அப்ப வாறம். அளவெட்டியிலையும் ஒரு பொம்பிளை பாக்கக் கிடக்கு" என்றார். என் மனைவியின் முகம் வாடிவிட்டது.

அவர் எழும்பினார்.

வேட்டி எழும்பவில்லை.

மெல்லத் திரும்ப அமர்ந்து, "இன்னுமொரு வடை தாங்கோ" என்றார்.

மனைவி என் காதுக்குள், "இஞ்சாருங்கோ, வார்னிஷ் காயேல்லை!"

"பேசாமல் வடையைக் கொண்டு வா."

மத்தியானம் வரை வடையும் கதையும்தான். மகளின் பகிடிகளுக்கு மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். கடைசியில், "அண்ணை, உங்கடை கதிரை என்னை விடுறதாயில்லை. அளவெட்டி கிடக்கட்டும், நாள் பாருங்கோ!"

புது வேட்டி உடுத்தி அனுப்பினேன். பழையது கதிரையிலேயே இருக்கிறது.

எல்லாம் நான் திட்டமிட்டுச் செய்ததுதான். கலியாண வயதில் பெண் உள்ளவர்கள் கதிரை வேண்டுமென்றால் உடனே சொல்லுங்கள், வார்னிஷ் காய்வதற்குள்.