படுக்கை விரிக்கக் கன்னடம் வேண்டுமா

பிள்ளைகளே, தமிழ் பேசும் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் எனக்குக் கன்னடம் சரியாக வரவில்லை என்று சொல்லி, மைசூர் லாட்ஜ் ஒன்றில் ஐந்து வருடம் ஹெல்பராகவே வைத்திருந்தார்களே, அந்தக் கதையைச் சோற்றோடு சோறாக விழுங்கியே வளர்ந்தவர்கள் நீங்கள். நான் ஆரம்பித்தாலே, "அப்பா, ரசம் ஆறுது" என்பீர்கள். அதன் மிச்சத்தை இப்போது எழுதுகிறேன். இதில் உங்கள் அப்பன் அவ்வளவு யோக்கியன் இல்லை.

இப்போது நான் சூப்பர்வைசராக இருக்கும் ஹோட்டலுக்குப் போன மாதம் ஒரு கல்லூரி மாணவி வந்தாள். ஊரையும் முகத்தையும் பார்த்துச் சம்பளம் குறைக்கிறார்களா என்று ஆராய்கிறாளாம். விடுவேனா? டீ வாங்கிக் கொடுத்து, என் ஐந்து வருடத்தையும் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி அங்கிள், இப்போ ரூம் க்ளீன் பண்றவங்களைப் பாக்கலாமா?" என்றாள்.

ஒருத்தி கன்னடம் பேசும் நஞ்சன்கூடு, இன்னொருத்தி மணிப்பூர். இருவரும் மூன்று வருடமாக அறை சுத்தம் செய்து படுக்கை விரிப்பவர்கள். நானே கடிகாரம் பார்த்தேன். ஒரு அறைக்கு நஞ்சன்கூட்டுக்காரிக்கு இருபத்தெட்டு நிமிடம். மணிப்பூர்க்காரிக்கு இருபத்து நான்கு. என்னவோ நானே விரித்ததுபோல் பெருமையாகச் சொன்னேன்.

சம்பளத் தாளைப் பார்த்துவிட்டு, "அப்புறம் ஏன் அங்கிள் மணிப்பூர் அக்காவுக்கு மாசம் ரெண்டாயிரம் கம்மி?" என்றாள்.

"அவ ஹெல்பர் கிரேடும்மா."

"கிரேடு போடறது யாரு?"

"நான்தான்."

"ஏன் ஹெல்பர்னு போட்டீங்க?"

"கன்னடம் சரியா வராதே. கெஸ்ட்டுகிட்ட பேச வேண்டாமா?"

"ரூம் க்ளீன் பண்றப்போ கெஸ்ட் உள்ள இருப்பாங்களா?"

இருக்கமாட்டார்கள். அவர்கள் வெளியே போன பிறகுதான் சாவியே எங்கள் கைக்கு வரும். என் பழைய சூப்பர்வைசர் சொன்ன காரணம், ஒரு சொல் குறையாமல் என் வாயிலிருந்து வந்திருந்தது.

தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்த மணிப்பூர்க்காரி திரும்பாமலே கன்னடத்தில் சொன்னாள்: மூன்று வருடமும் கிரேடு மாற்றச் சொல்லிக் கேட்டேன், மூன்று வருடமும் பார்க்கலாம் என்றீர்கள். தட்டுத்தடுமாறித்தான் சொன்னாள். எனக்கோ ஒரு சொல்கூடப் புரியாமல் போகவில்லை.

சம்பள உயர்வுப் பட்டியல் அன்று சாயங்காலம் மேனேஜரிடம் போக வேண்டும். தவறினால் அவளுக்கு அடுத்த வருடம்தான். மாணவி போனதும் விரிப்புகள் அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். பட்டியலில் அவள் வரியில் என் கையெழுத்திலேயே இருந்த 'ஹெல்பர்' என்பதை அடித்து, நஞ்சன்கூட்டுக்காரியின் கிரேடை எழுதினேன். பக்கத்தில் காரணம் கேட்டு ஒரு கட்டம் இருந்தது. 'இருபத்து நான்கு நிமிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.