தண்ணீரில் ஊறின கால்

ஏரிக்கரைக் குப்பங்களில் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளின் காலை அமுக்கிப் பார்ப்பது இப்போது என் வேலை. நடந்து நடந்து என் காலே வீங்கிப்போகிறது, அதைப் பார்க்கத்தான் நாதியில்லை. எட்டு வயதிலேயே இந்த வேலையை ஒரு முறை செய்தேன், உருப்படாத விதமாக.

அம்மாவின் தங்கை, என் சித்தி, தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் குப்பத்துப் பெண்கள் வயிற்றுப்பிள்ளை என்று வீட்டில் உட்காருவதில்லை. எட்டாம் மாதத்திலும் இறால் போடும் ஓலைக் கூடையான பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். கரையேறும் எல்லாருக்குமே கால் ஊறியிருக்கும் என்பதால், சித்தியின் கால் உப்பியதை ஒருத்தரும் சட்டை செய்யவில்லை.

எனக்கோ கொண்டாட்டம். அவள் படுத்திருக்கும்போது கட்டைவிரலால் அமுக்குவேன். குழி விழும். அது மேலேறி வரும்வரை எண்ணுவேன்.

"கால் இன்னா சித்தி இப்டி கீது?"

"தண்ணிலியே கெடக்குற காலு, ஊறாம இன்னா பண்ணும்? தல வலிக்குதுடி, சும்மா இரேன்."

ஒரு நாள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு நர்சம்மா வந்தார். அம்மா என்னையும் கூட்டிப்போயிருந்தாள். சித்தி தலைவலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டாள். ஒருத்தி காலை ஒருத்தி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, நர்சம்மா ஒரு கர்ப்பிணி அக்காவின் காலை அமுக்கிக் காட்டினார். "இப்படி அமுக்கினா குழி விழுதுன்னா அது தண்ணில ஊறினது இல்ல. அன்னிக்கே எனக்குச் சொல்லணும்."

அந்த அக்காவுக்குக் குழியே விழவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க சித்திக்கு இம்மாம் பெரிய குழி விழும்! இருபது எண்ணணும்!" என்று கத்தினேன்.

அம்மா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். "எத்தினி நாளாடி?"

"பத்து நாளா."

பெண்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு ஓடினார்கள். நர்சம்மா பிரஷர் பார்த்தார், உடனே ஆட்டோ பிடிக்க ஆள் அனுப்பினார். நாலு பேராகச் சித்தியைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆறாம் நாள் சித்தி ஆட்டோவில் வந்து இறங்கினாள். உயிர் பிழைத்ததே பெரிசு என்று ஊரே பேசியது. நல்ல வேளை நீ சொன்னாய் என்று நர்சம்மா என் கன்னத்தைத் தட்டினார். நான் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தேன்.

"பாப்பா எங்கம்மா?"

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பத்து நாளா நீ பாத்திருக்கடி. நாங்க ஒருத்திகூட பாக்கலியே."

அதையும் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

"தெனமும் பாத்தேம்மா," என்றேன்.