மாசியில் தின்ற தீபாவளி முறுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்த காலத்தில், 'ராங்கர்' (rancour) என்ற இங்கிலீஷ் வார்த்தை மேல் எனக்குத் தீராத மோகம். கோர்ட்டுக்கு எழுதும் பிராதில் மனக்கசப்பு வருகிற இடத்திலெல்லாம் அதைப் போட்டுவிடுவேன். பிராது கனமாகிவிட்டது போலத் தோன்றும். வக்கீலும் அதை அடித்து நீக்க மாட்டார், அவருக்கும் களைப்பு.

சொந்த ஊரான ராஜபாளையத்தில் வரப்பு மாமரம் யார் பங்கு என்று எனக்கும் அண்ணனுக்கும் சண்டை. மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அவர் வீட்டில் நான் கை நனைப்பதுமில்லை. கடைசியில் நானே அவர் பேரில் பிராது எழுதினேன். 'பிரதிவாதியின் ராங்கர்' இரண்டு இடத்தில் வந்தது. சொந்த அண்ணனாயிற்றே, இன்னும் ஒன்று சேர்க்கலாம் என்று தோன்ற, எதற்கும் அர்த்தம் பார்க்க வக்கீலின் தடித்த அகராதியைப் புரட்டினேன். இத்தனை காலத்தில் அதுதான் முதல் தடவை.

லத்தீனில் பிறந்தபோது அது கெட்டுப்போன கொழுப்பின் நாற்றமாம். பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து, நெஞ்சில் நாள்பட வைத்திருக்கும் பகையாயிற்றாம். எண்ணெய்ப் பண்டம் பழசானால் காறல் அடிக்கும் என்போமே, அதேதான். யாரிடமிருந்து அடிக்கிறது என்று அகராதி சொல்லவில்லை. மறுநாள் தாக்கலாக வேண்டிய பிராதைப் பையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

இறங்கியதும் கால் அண்ணன் வீட்டுக்குப் போயிற்று. ஞானம் வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே வந்தேன். என் வீடு ஒரு மைல், அவர் வீடு பக்கத்தில்.

மதினி தண்ணீர் கொடுத்துவிட்டு, தகர டப்பாவிலிருந்து நாலு முறுக்கை எடுத்துத் தட்டில் வைத்தார். தீபாவளிக்குச் சுட்டு எனக்கென்று ஒதுக்கியதாம். அப்போது மாசி மாதம். தட்டுக்கு முன்னால் வாடை வந்து சேர்ந்தது.

உள்ளேயிருந்து வந்த அண்ணன், நின்றபடியே சொன்னார்: "தின்னாதலே, காறிப்போச்சு. வருசா வருசம் ஒனக்குன்னு எடுத்து வைக்கா. பொறவு மாட்டுக்குப் போடுதா."

"நல்லாத்தாண்ணே இருக்கு."

"கோர்ட்டுக்குப் போயிப் போயி பொய்யும் சரளமா வருது ஒனக்கு."

மூன்றைத் தின்றேன். நாலாவதை அண்ணன் எடுத்துக் கடித்தார். முகம் கோணிற்று, ஆனாலும் துப்பாமல் மென்றார். மாமரத்தைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். எழுந்தபோது பிராதைத் தாக்கல் செய்யத் தெம்பில்லை. என்னவாயிற்று என்று வக்கீல் கேட்டார். பிரதிவாதிக்கும் வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன்.