கிலிஃபியின் மேல் ஸ்தாயி

தென்கடலில் உள்ள வவாவுத் தீவில் கிலிஃபி என்றதும் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது அவருடைய உடம்புதான். தேவாலய பேண்டில் அவர் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு பேர் இடம் போய்விடும். பத்தொன்பது வயதில் அந்த வாத்தியத்தை அவரிடம் கொடுத்ததற்கும் காரணம் அதுதான். தூக்கிக்கொண்டு ஊர்வலத்தில் நடக்க ஆள் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு இருபத்து நான்கு வருடங்கள் அவர் கீழ் ஸ்வரங்களையே ஊதினார். மெட்டு, சின்னக் குழலான கார்னெட்டை ஊதுகிறவர்களுடையது. அழுகை, சந்தோஷம் எல்லாம் அவர்கள் பாடு. கிலிஃபி கீழே இருந்து தாங்குவார். அவருக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அவருக்கு ஃபெகியின் படகில் இன்ஜின் வேலை. திமிங்கிலம் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் படகு. அந்த இருபத்து நான்காம் வருடத்து ஆகஸ்டில் ஃபெகி, தண்ணீருக்குள் இறக்கிச் சத்தம் கேட்கும் ஒலிவாங்கி ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தான். இன்ஜினை அணைத்துவிட்டு அதைக் கடலுக்குள் விட்டார்கள். கீழே ஆண் திமிங்கிலம் ஒன்று தலைகீழாக அசையாமல் நின்று பாடிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தது உறுமல். காதுக்கு எட்டுமுன் அது உள்ளங்காலில் தெரிந்தது. கிலிஃபி சிரித்துவிட்டார். "அட, நம்ம ஆளுடா இது!"

சிரிப்பு வாயில் இருக்கும்போதே அந்தச் சத்தம் மேலே ஏற ஆரம்பித்தது. எங்கும் முறியாமல், மூச்சு வாங்காமல் ஏறி, கடைசியில் பச்சைப்பிள்ளையின் சிணுங்கல் மாதிரி ஒரு மெல்லிய இழையாக நின்றது. கிலிஃபிக்குக் கை மயிரெல்லாம் எழுந்துவிட்டது.

"ஃபெகி, வேற ஒண்ணு வந்துருச்சா?"

"இல்லண்ணே, அதே ஆளுதான். ஒத்தை ஆளு."

"அவ்ளோ பெரிய உடம்புல இருந்தா இப்படி ஒரு சத்தம்?"

"ஏன், உங்க உடம்பை விடக் கொஞ்சம்தான் பெருசு," என்றான் ஃபெகி. படகே சிரித்தது. கிலிஃபி மட்டும் சிரிக்கவில்லை. கரைக்குத் திரும்ப இன்ஜினைப் போடச் சொல்லி ஃபெகி அவரை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் டியூபாவை எடுத்து, தான் எப்போதும் நிறுத்திக்கொள்ளும் ஸ்வரம் வரை ஊதினார். அதற்கு மேல் ஊதக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. அவர் கைக்கு வந்த தாள்களில் அதற்கு மேல் எதுவும் எழுதியிருந்ததில்லை, அவ்வளவுதான். அதைத் தாண்டிப் போக முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது.

பலம் இருக்கிறவனுக்குப் பலம்தானே முதலில் தோன்றும். மவுத்பீஸை உதட்டோடு வைத்து அழுத்தினார். இன்னும் அழுத்தினார். ஆறு வாரம் அப்படியே போயிற்று. உதட்டைச் சுற்றி அழியாத வட்டம் ஒன்று விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் நடுவில் உதடு கிழிந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது.

பேண்டை நடத்தும் சொலமோனே பள்ளிக்கூட வாத்தியார். அவர் கிலிஃபியை வெளியே கூட்டிக்கொண்டு போனார். "என்னய்யா செஞ்ச வாயை? உனக்கு எதுக்கு மேல் ஸ்வரம்? அதுக்குத்தான் நான் ஒன்பது பேரை வெச்சிருக்கேனே!"

இரண்டு வாரம் ஊதவே கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். மனைவி அனசேனி ஆறவைத்த சூப்பைக் கரண்டியால் கொடுத்தாள். கொடுக்கும்போதெல்லாம் திட்டினாள்.

உதடு ஆறிவந்த ஒரு காலையில் கிலிஃபி வழக்கம்போலப் பன்றிகளுக்குத் தேங்காய் போட வாளியோடு போய் அவற்றை விசிலடித்துக் கூப்பிட்டார். கீழே ஆரம்பித்து மேலே இழுக்கும் விசில். பாதியில் நிறுத்தினார். மறுபடி அடித்தார். சத்தம் மேலே போகும்போது உதடு சும்மா இருந்தது. உள்ளே நாக்குதான் எழுந்து அண்ணத்தை நெருங்கியது. காற்று போகிற வழி குறுகி, காற்று வேகம் பிடித்தது. இத்தனை வருடம் வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது! பத்துத் தடவை விசிலடித்தார். பன்றிகள் வாளியைச் சுற்றி நின்று கத்தின.

அனசேனி எட்டிப் பார்த்தாள். "என்ன மனுஷா, பன்னிக்குப் பாட்டு வகுப்பா?"

"இங்க வா. நீ கொயர்ல மேல பாடுறப்போ நாக்கு எங்க இருக்கும்?"

"நாக்கு வாயிலதான் இருக்கும்." பாடிப் பார்த்தாள். நிறுத்தினாள். ஒரு விரலை வாய்க்குள் விட்டுக்கொண்டு மறுபடி பாடினாள். "ஐயோ, ஏறுது! இருபது வருஷமா பாடுறேன், எனக்கே தெரியாது."

"அழுத்துவியா?"

"அழுத்தினா குரல் செத்துரும். மூச்சு மட்டும் வேகமா போகும். கத்தவே மாட்டேன்."

அன்றிலிருந்து கிலிஃபி மெதுவாக ஊதினார். பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. ஊதிய நேரத்துக்குச் சமமாக ஓய்வு எடுத்தார். உதட்டில் வலி தெரிந்தால் அன்றைக்கு அதோடு சரி. இரண்டு மாதத்தில் அரை ஸ்வரம் ஏறினால் பெரிது. சில மாதங்களில் அதுவும் இறங்கிப் போய்விடும்.

ஏறினபோது கண்டதுதான் அவரைத் திகைக்க வைத்தது. விசைகளைத் தொடாமலே, காற்றை மட்டும் மாற்றினால், அந்தக் குழாய்க்குள் ஸ்வரங்கள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்றன. கீழே அவை தள்ளித் தள்ளி இருந்தன. மேலே போகப் போக நெருங்கின. இன்னும் மேலே, ஒன்றைத் தொட்டால் அடுத்தது இடிக்கும் அளவுக்கு நெருங்கின. இருபத்து நான்கு வருடம் மடியில் வைத்திருந்த சாமானுக்குள் இவ்வளவும் இருந்ததா என்று சில நாள் ஊதாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மூன்றாம் வருடம் சொலமோனே புதுச் சீருடைக்கு அளவு கேட்க வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். வீட்டுப் பக்கமிருந்து யாரோ பாடுவது கேட்டது.

"அனசேனிக்குச் சளியா? குரல் கொஞ்சம் தடிச்சிருக்கே. ஆனா என்ன அழகு!" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

அவருக்குப் பின்னாலிருந்து அனசேனி வந்தாள். கை நிறையச் சேம்பு இலை. "நான் இங்க இருக்கேன் வாத்தியாரே."

சொலமோனே வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போனார். பலா மரத்தடியில் கிலிஃபி கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தார். முடியும்வரை சொலமோனே அசையவில்லை. பிறகு கவிழ்த்திருந்த வாளி மேல் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை ஊது."

ஊதினார்.

"ஏன்யா இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க எழுதித் தர்ற தாள்ல அந்த இடமே இல்லையே வாத்தியாரே."

சொலமோனே அளவெடுக்க மறந்து வீட்டுக்குப் போனார். இரண்டு வாரம் கழித்துப் புதுத் தாள் ஒன்று கொடுத்தார். பழைய கீர்த்தனைதான். கடைசிச் சரணத்தில் மட்டும் மற்ற எல்லா வாத்தியங்களுக்கும் வெற்றிடம். டியூபா தனியாக, பெண்கள் பாடும் ஸ்தாயியில்.

சபை மாநாட்டுக்குப் பக்கத்துத் தீவுக்கூட்டமான ஹாபாயிலிருந்தும் தலைநகரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பந்தலுக்குள் உட்கார இடமில்லை. பகல் வெயிலில் பாய்விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன. கடைசிச் சரணத்தில் பேண்ட் நின்றது. கிலிஃபி மூச்சை எடுத்தார்.

மெட்டு எழுந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிக் கொயரைப் பார்த்தார்கள். கொயரில் எல்லோர் வாயும் மூடியிருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடினார்கள். விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. உச்சி ஸ்வரத்தில் அது பித்தளை மாதிரியும் இல்லை, மனிதக் குரல் மாதிரியும் இல்லை. பார்க்கப்போனால், அந்த நேரம் கிலிஃபிக்கே அது தன்னிடமிருந்து வருவதாகத் தோன்றவில்லை. எங்கேயோ ஏற்கெனவே இருந்த சத்தத்துக்குத் தான் வழி விட்டு நிற்கிறோம் என்றுதான் இருந்தது. ஸ்வரம் நடுங்கவில்லை.

முடிந்ததும் வயதான போதகர் ஒருவர் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார். அவரைப் பார்த்து வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் "மாலியே!" என்று கூவினாள். அதற்குப் பிறகு பந்தலே அந்தப் பாராட்டைத் திருப்பிக் கூவியது.

விருந்தில் ஹாபாயின் டியூபாக்காரர்கள் நாலு பேர் கிலிஃபியைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"உள்ள ஏதாச்சும் மாத்தி வெச்சிருக்கியா மாப்ளே?"

வாத்தியத்தைத் தலைகீழாகக் குலுக்கிப் பார்த்தார்கள். ஒருவர் வாங்கி ஊதினார். வாத்து கத்தியது. வாயில் பன்றிக்கறியோடு எல்லோரும் சிரித்தார்கள்.

கிலிஃபிக்கு இப்போது ஐம்பத்தொன்று. கீழ் ஸ்வரங்களும் முன்னைவிட உருண்டு வருவதாக சொலமோனே சொல்கிறார். மாநாட்டுக்குப் பிறகு இன்னும் இரண்டு ஸ்வரம் ஏறியிருக்கிறது. போன வாரம் அனசேனி கேட்டாள்: "இதுக்கு மேல இன்னும் எத்தனை இருக்கு?"

"தெரியலடி. நேத்து ஒண்ணு லேசா காதுல பட்டுச்சு. இன்னும் பிடிபடல."