இராஜசிங்கத்தின் தாய்க்கு எழுதிய கல்வெட்டு

லுசேர்ண் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவும் இரவீந்திரனுக்கு ஒரு வியாதி: யார் எதைக் கதைத்தாலும் அன்றைக்கே டயரியில் எழுதிவிடுவான். சுவிசுக்கு வந்து இருபத்தாறு வருடம், இருபத்தாறு டயரி. பாதிக்கு மேல் கூட்டாளி இராஜசிங்கத்தின் கதைதான். அவன் தும்மினால்கூடத் தேதியோடு இருக்கும்.

அதனால் எங்கள் ஆட்களில் யார் செத்தாலும் கல்வெட்டு எழுத இவனைத்தான் பிடிப்பார்கள். முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம் அது. மற்றவர்கள் செத்தவரைத் தெய்வமாக்கிவிடுவார்கள். இவன் நடந்ததை நடந்தபடி எழுதுவான். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வருடம் யாழ்ப்பாணத்தில் இராஜசிங்கத்தின் தாய் இறந்தபோதும் இவன்தான் எழுதினான். பழைய டயரியைப் பார்த்து ஒரு வரி சேர்த்தான்: ‘நான்கு வருடங்களுக்கு முன் மூத்த மகன் சுவிசிலிருந்து வந்து தன் கையால் சோறு ஊட்டினான்.’ இங்கே சுவிசில், வின்டர்தூர் நகர மண்டபத்தில் நடந்த சடங்கில் முந்நூறு பிரதி கொடுத்தார்கள்.

இராஜசிங்கம் அகதி. தப்பி வந்த நாட்டுக்குத் திரும்பிப் போனால் அகதி அந்தஸ்து போய்விடும். இந்தியாவுக்கு என்று சொல்லிக் களவாகத்தான் போய் வந்தான். பயத்தில் ஒரு படம்கூட எடுக்கவில்லை. எந்தப் புண்ணியவானோ கல்வெட்டின் அந்தப் பக்கத்தை மொழிபெயர்த்து அகதிகள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டான். விசாரணைக்குக் கடிதம் வந்தது.

இராஜசிங்கம் இரவீந்திரனின் வீட்டுக்கு வந்தான். “நீ எழுதினது பொய் எண்டு ஒரு கடிதம் தா மச்சான். டயரிப் பக்கத்தையும் கிழி, எரிப்பம்.”

இரவீந்திரன் முதல்முறையாகப் பொய் எழுதினான். பிறகு பக்கத்தைக் கிழித்து அடுப்பைப் பற்றவைத்தான்.

“ஒருக்கா வாசி,” என்றான் இராஜசிங்கம்.

இரவீந்திரன் வாசித்தான். ஊரிலிருந்து திரும்பிய அன்று இராஜசிங்கம் சொன்னது சொன்னபடி இருந்தது. “அம்மா மூண்டு வாய் சாப்பிட்டவ. நீ சாப்பிட்டியோ எண்டு கேட்டவ. இல்லை எண்டன். நாலாவது வாயை எனக்குத் தீத்திவிட்டவ.”

இராஜசிங்கம் பக்கத்தைப் பறித்துச் சட்டைப்பையில் வைத்தான். “எரிக்க ஏலாது. வேற என்னட்ட ஒண்டும் இல்லை.”

செவ்வாய்க்கிழமை விசாரணை. இரவீந்திரன் வெளியே காத்திருந்தான். தாயைக் கடைசியாக எப்போது கண்டாய் என்று உள்ளே கேட்டார்களாம். இருபத்தாறு வருடத்துக்கு முன்பு என்று வீட்டில் நூறு தரம் சொல்லிப் பார்த்தவன்தான் இராஜசிங்கம். அங்கே அதைச் சொல்லாமல் பக்கத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டான்.

திரும்பி வரும் ரயிலில் இரவீந்திரன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“பக்கத்தைத் திருப்பித் தந்தவங்களோ?”

“இல்லை. தங்கட கோப்பில வச்சிட்டாங்கள்.”