தடியை வெளியே விட்டு வந்த நோயாளி எண் ஏழு

குற்றச்சாட்டு: 1976 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு, எலும்பு மருத்துவப் பிரிவின் தலைமை மருத்துவர் நான் நீட்டிய அளவுத்தாளைப் படிக்காமலேயே நான்காக மடித்து என் சட்டைப்பையில் திருப்பிச் செருகினார்.

அந்தத் தாளில் இருந்தது ஏசுபாதத்தின் இடது முழங்கால். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் எனக்கு அடுத்த வாசல்காரர். சுரங்கத்தில் இருபத்துநான்கு ஆண்டுகள் மெஷின்காரராக இருந்தவர். நிமிர்ந்து நிற்க உயரமில்லாத இடங்களில் முழங்காலிட்டே பாறையைத் துளைத்தவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்தன. நான் சம்பங்கி, சர்வே பிரிவில் கருவி சுமந்தவன், ஏணியிலிருந்து விழுந்து வலது முழங்காலைக் கெடுத்துக்கொண்டவன். படித்தது எட்டாவது. கோணம் அளக்கக் கற்றது சுரங்கத்தில்.

1974 பிப்ரவரியில் அந்தத் தலைமை மருத்துவரின் நகரத்து மருத்துவமனையில் எங்கள் இருவருக்கும் ஒரே வாரத்தில் செயற்கை மூட்டு வைத்தார்கள். ஏசுபாதத்துக்குக் கீல் மூட்டு: கதவுக் கீலைப் போல இரண்டு உலோகத் துண்டுகளை ஓர் அச்சில் கோத்து, மேலும் கீழும் நீண்ட தண்டுகளை எலும்புக்குள் இறக்கியிருப்பார்கள். மடங்கும், சிறிதும் திரும்பாது. எனக்கு இரண்டு துண்டு மூட்டு: மேலே உலோகம், கீழே பிளாஸ்டிக். இரண்டையும் பிணைக்க அச்சு கிடையாது. என் சொந்தத் தசைநார்களே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டே ஆண்டுகளில் நான் பேத்தமங்களா ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருகிறேன். படி இறங்கும்போது மட்டும் வலிக்கும். ஏசுபாதமோ லைன் கோடியிலுள்ள கக்கூசுக்குப் போக அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறார். குந்த முடியாது. திரும்பி நடக்கும்போதெல்லாம் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஈட்டி பாய்வதாகச் சொல்கிறார்.

இந்த ஜனவரியில் அந்தத் தலைமை மருத்துவர் ஓர் அறிக்கை வெளியிட்டார். வார்டில் தட்டச்சு செய்யும் சாரதா ஒரு பிரதி கொடுத்தார். கீல் மூட்டு பதினொருவருக்கு. ஒன்பது பேர் 'நன்று'. இரண்டு துண்டு மூட்டு எட்டுப் பேருக்கு. நான்கு பேர் மட்டுமே 'நன்று'. ஆகவே கீல் மூட்டே சிறந்தது என்று முடிவு. நோயாளி எண் ஏழு, மெஷின்காரர், வயது ஐம்பத்தொன்று, வலியில்லை, தடியில்லை, நன்று. இரண்டாம் பட்டியலில் எண் நான்கு, சர்வே தொழிலாளி, படியில் வலி, சுமார்.

ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு அதை மூன்று முறை படித்தேன். உண்மை சொன்ன நான் நல்ல மூட்டின் மதிப்பைக் குறைத்திருந்தேன். பொய் சொன்ன ஏசுபாதம் கெட்ட மூட்டை உயர்த்தியிருந்தார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எங்கள் ஊரில் எவருக்கும் தெரியும். சுரங்கத்தில் மருத்துவச் சோதனை நாளன்று, தடி வைத்திருப்பவன் அதை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போவான். இருமல்காரன் வெளியிலேயே இருமி முடித்துவிடுவான். டாக்டர் எது கேட்டாலும் பதில் ஒன்றுதான்: 'ஆல்ரைட் சார்.' வலி என்றால் அன்ஃபிட். அன்ஃபிட் என்றால் வேலை போகும். ஏசுபாதத்துக்கு வேலை போய் இரண்டு ஆண்டாகிறது, பழக்கம் போகவில்லை. சென்ற ஆகஸ்டில், இந்த அறிக்கைக்கான பரிசோதனையில், அவர் உள்ளே ஆறடி நடந்து காட்டியபோது, வெளியே அவருடைய தடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். இதை மறைக்கமாட்டேன்.

பட்டியலின் ஒன்பது 'நன்று'களில் ஏசுபாதத்தைத் தவிர இன்னும் நான்கு பேர் எங்கள் ஊர்க்காரர்கள். நால்வரையும் போய்ப் பார்த்தேன். மைசூர் மைன்ஸ் பகுதி எட்மண்ட் கதவைத் திறக்கவே இரண்டு தடிகளோடு வந்தார். "டாக்டர்கிட்ட இன்னா சொன்னீங்க?" என்றேன். "இன்னா சொல்வாங்க? எல்லாரும் சொல்றதுதான்" என்று சிரித்தார்.

ஏசுபாதத்தின் வலது முழங்காலுக்கும் அதே கீல் மூட்டை ஏப்ரல் 12ஆம் தேதி வைக்க நாள் குறித்துவிட்டார்கள். இரண்டு காலும் அப்படியானால் அவர் நாற்காலியோடு முடிந்தார்.

அதனால்தான் மார்ச் 9 அன்று அவரை அழைத்துப் போனேன். பெரிய கோணமானியால் நான் எடுத்த அளவு: மடங்குவது ஐம்பத்தெட்டு பாகை. அறிக்கையில் தொண்ணூற்றைந்து. புதிய எக்ஸ்ரே படத்தில் கீழ்த்தண்டுக்கும் எலும்புக்கும் நடுவே இடைவெளியாகக் கருங்கோடு ஓடுகிறது. தண்டு தளர்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

"நீ டாக்டரா?" என்றார் தலைமை மருத்துவர்.

"இல்லைங்க. அளக்கத் தெரிஞ்சவன்."

"சுரங்கத்தைப் போய் அள." தாளை என் பையில் செருகிவிட்டு ஏசுபாதத்தின் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லுப்பா. கால் எப்படி இருக்கு?"

ஏசுபாதம் கையைத் தொடையோடு ஒட்டி நிமிர்ந்து நின்றார். நெற்றி வியர்த்திருந்தது.

"ஆல்ரைட் சார்."

மருத்துவர் சிரித்தார். உதவி மருத்துவர்களும் சிரித்தார்கள். படத்தை யாரும் விளக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

வெளியே ஏசுபாதத்தின் மனைவி பியாட்ரிஸ் தடியோடு காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஆல்ரைட்டா? ராவெல்லாம் எங்கிட்ட கத்துறியே, அது யார் காலு?"

"டாக்டர் கேட்டா வாய் தானா சொல்லுதுடி."

"அப்ப அந்த வாயையும் அறுத்து ஒரு கீலு வெக்கச் சொல்லு!"

"நீங்க கோவப்படாதீங்க அண்ணி," என்றேன்.

"உனக்கென்ன தம்பி, நீ நடக்கற. அந்தத் தடியைப் பிடிச்சிக்கினு நின்ன ஆளுதானே நீ?"

தடியை வாங்கி ஏசுபாதத்திடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஏசுபாதம் தானாகவே என் வாசலுக்கு வந்தார். "மூஞ்சிக்கு நேரா சொல்ல வராது சம்பங்கி. எழுது. கையெழுத்துப் போடறேன்." உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்: எங்கே வலி, எத்தனை அடிக்கு ஒருமுறை நிற்கிறார், எத்தனை நாள் பியாட்ரிஸ் தூக்கிவிட்டார். நான்கு பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டார். எட்மண்டும் மற்ற மூவரும் தனித்தனியே எழுதித் தந்தார்கள்.

அந்த ஐந்து வாக்குமூலங்களும் அளவுகளும் எக்ஸ்ரே விவரமும் தலைமை மருத்துவருக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டுள்ளன. மூலங்கள் என்னிடம் உள்ளன. மருத்துவர் பதிலளிக்க வேண்டியவை: கருங்கோட்டை அவர் பார்த்தாரா; தொண்ணூற்றைந்து பாகையை அளந்தவர் யார், எந்தக் கருவியால்; வலது முழங்காலின் தசைநார்கள் உறுதியாக இருந்தால், இரண்டு துண்டு மூட்டை விலக்க என்ன காரணம்.

வாய்மொழிப் பதிலை ஏற்கமாட்டோம். வாயால் சொன்னது எதுவரை கொண்டுவந்து விட்டது என்பதைப் பார்த்துவிட்டோம். ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் கையொப்பமிட்ட எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். அது வரும்வரை ஏசுபாதம் அந்த அறுவை மேசையில் படுக்கமாட்டார்.